மாலை போட்ட மாம்பழப் பெட்டி

புவனேஸ் அக்கா எங்கள் வீட்டுக்கு வருவது தெருமுனையிலேயே எனக்குக் கேட்டுவிடும். போனில் யாருடனாவது கதைத்துக்கொண்டேதான் நடப்பார். கேட்டைத் திறக்கும்போதே, "சாந்தி, நிக்கிறியே பிள்ளை?" என்று ஒரு குரல் வரும். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். வெளிநாட்டுக்கு வந்து நாங்கள் குடியேறிய பாபடோயிட்டோயில் எங்கள் தெரு நாய்களுக்குக்கூட அந்தக் குரல் பழக்கம்.

அன்று காலை ஒரு சத்தமும் இல்லை. வெளியே சிணுசிணுவென்று மழை. நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்கதவை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறார். வெள்ளைச் சேலை, கையில் பிளாஸ்க். கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது.

"வாங்கக்கா, என்ன பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க?" என்றேன்.

புளிக்கையோடு நின்ற என்னை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, எப்ப நடந்தது? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எங்களுக்கு. இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு..."

"என்னக்கா? என்ன நடந்துச்சு?"

அவர் விலகி என் முகத்தைப் பார்த்தார். "பாவம், இவளுக்கு இன்னும் விளங்கேல்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "முருகேசன்..." என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

முருகேசன் என் கணவர்.

அவர் விடியும் முன்பே மாம்பழப் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வெளியூரான ஹாமில்டனுக்குக் கிளம்பியிருந்தார். மழை வேறு. வழியில் பாம்பே குன்று என்று ஒரு மலைச்சாலை, அதில் ஏறி இறங்க வேண்டும். அங்கே லாரிகள் எப்படிப் போகும் என்று இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

புளிக்கையாலேயே போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது, எனக்குப் பின்னால். ரொட்டி டப்பா மேல் அவருடைய போன் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. மனுஷன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த மணிச்சத்தம் இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை. அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கக்கா? எந்த ஆஸ்பத்திரி? சொல்லுங்கக்கா!"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி எண்டு நான்தானே பிள்ளை உன்னட்டைக் கேக்கோணும்?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பெட்டியில போட்டிருக்கே."

பெட்டியில் என்ன போட்டிருந்தது?

அக்கா தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு மாம்பழப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முதல் நாள் மாலை எங்கள் கடையிலிருந்தே அவர் வீட்டுக்குப் போன பெட்டிதான். மூடியில் பளபளவென்று ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. நான் அதுவரை பார்க்காத லேபிள்.

நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு சட்டம். அதற்குள் என் கணவர், நல்ல இளமையில், மீசையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை கெட்டியான சாமந்தி மாலை. தலைக்குப் பின்னால் பொன்னிறக் கதிர்கள். மேலே இரண்டு மூலையிலும் வெள்ளைப் புறா. கீழே ஒரு வருடம், ஒரு கோடு, பிறகு இந்த வருடம்.

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்து மட்டும்தான் இல்லை. அதைக்கூட நம் கண் தானாகவே சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "மதீ!"

மதி எங்கள் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள், யூனிவர்சிட்டியில் டிசைன் படிக்கிறாள். தமிழ் காதில் ஏறும், வாயில் இறங்காது. மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தவள் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"மம்! யூ ஸா இட்! விண்டேஜ்!" என்றாள்.

சந்தையில் கிடைத்த கட்டு

இந்த விண்டேஜ், அதாவது அந்தக் காலத்துப் பாணிக் கதையை இங்கே சொல்லாவிட்டால் என் மகளைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அவன்டேல் ஞாயிற்றுச் சந்தைக்குப் போயிருந்தோம். நான் கீரைக்கும் சுரைக்காய்க்கும் போவேன், அவள் பழைய சாமான் கடைகளுக்குப் போவாள். அன்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடமிருந்து பழுப்பேறிய காகிதக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தக் காலத்து ஆப்பிள் பெட்டி லேபிள்கள். ஒன்றுகூட ஒட்டப்படாதவை. அச்சடித்த நாளிலிருந்து ஏதோ ஒரு ஷெட்டில் கிடந்திருக்கின்றன. மூக்கருகே கொண்டுபோனால் பழைய பசையும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாசனை.

வாசனையை விடுங்கள். படங்கள் இருக்கிறதே! ரத்தச் சிவப்பில் ஆப்பிள், அதற்குப் பின்னால் நீலமலை, நீராவிக் கப்பல், தொப்பி போட்ட அழகி, அவளைச் சுற்றிப் பூவளையம், மூலைக்கொரு பறவை. கண்ணை எடுக்க முடியாது.

காரில் வரும்போது மதி எனக்குப் பாடமே நடத்தினாள். அந்தக் காலத்தில் பழம் மரப்பெட்டியில் கப்பலேறிப் போகுமாம். ஏலக்கூடத்தில் ஆளுயரத்துக்குப் பெட்டியை அடுக்கி வைத்திருப்பார்களாம். வாங்க வருகிறவனுக்கு உள்ளே இருக்கும் பழம் தெரியாது, பெட்டியின் பக்கவாட்டுப் பலகை மட்டும்தான் தெரியும். அதனால் அந்தப் பலகையில் ஒட்டுகிற காகிதம் கூடத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவனைக் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவனும் "அந்தப் புறாப் படம் போட்ட பெட்டியைக் கொடு" என்று கேட்டு வாங்க வேண்டும். பிறகு அட்டைப்பெட்டி வந்தது, அட்டையிலேயே அச்சடித்தார்கள், லேபிளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

"அதைத்தான் நாம திரும்பக் கொண்டுவரணும்மா. எல்லாரும் வாட்ஸப்புல ஒரே மாம்பழப் போட்டோவைத்தான் போடுறாங்க. யார் பெட்டின்னு யாருக்கும் தெரியாது" என்று ஆங்கிலத்தில் அடித்துப் பேசினாள்.

பேச்சில் தப்பு இல்லை. ஏப்ரல் மே வந்தால் இந்தியாவிலிருந்து விமானத்தில் மாம்பழம் இறங்கும். ஆளாளுக்கு ஒரு வாட்ஸப் குழு, ஆளாளுக்கு ஒரு கராஜ் வியாபாரம். இத்தனை கூட்டத்தில் எங்கள் கடைப் பெட்டியைத் தனியாகத் தெரியவைப்பது எப்படி என்று அவள் அப்பாவும் தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

முதலாளி படத்தைப் போடுவதும் நமக்குப் புதிதில்லை. பீடிக்கட்டு, பல்பொடி, லேகியம், எதை எடுத்தாலும் மேலே முதலாளி முறைத்துக்கொண்டு இருப்பார். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பல்பொடி டப்பாவில் இருந்தவரை நான் ஏதோ தூரத்துச் சொந்தக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவர்களில் ஒருவராவது கழுத்தில் மாலையோடு இருந்தாரா? உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு எவனாவது மாலை போடுவானா?

ஆப்பிள் லேபிளில் அழகியைச் சுற்றிப் பூ இருந்தது. அந்த ஆப்பிள் கம்பெனியின் வயதைக் காட்டும் வருடங்கள் கீழே இருந்தன. பறவை இருந்தது. என் மகள் அத்தனையையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்ப்ரைஸ் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் அச்சடித்து, முதல் நாள் சாயங்காலம் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியிலும் அவளே ஒட்டியிருக்கிறாள். பெட்டிகளும் நாலாபுறமும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. என் கணவர் இருட்டில் ஏற்றிக்கொண்டு போனதால் அவர் கண்ணிலும் படவில்லை.

சர்ப்ரைஸ்! அம்மாடி, என்ன ஒரு சர்ப்ரைஸ்!

அந்தப் பூ எதற்கு?

விஷயத்தைச் சொன்னதும் மதியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இது செத்தவங்களுக்குப் போடுறதுடி" என்று நான் சொன்னபோது அவள் சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது.

"அப்பாவுக்கா?" என்றாள். அவள் வாயில் தமிழ் வருவது பயந்தால்தான்.

"உன்னை யாரு மாலை போடச் சொன்னது? சும்மா போட்டோவைப் போட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல?"

"பெரியப்பா கை இருந்துச்சும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் போனில் மூலப் படத்தைக் காட்டினாள். கடை திறந்த அன்று எடுத்த படம். என் கணவரும் அவருடைய அண்ணன் தர்மராஜும் ஷட்டருக்கு முன்னால் நிற்கிறார்கள். அண்ணனுடைய கை தம்பி தோளில். அண்ணனை வெட்டிவிட்டாள். தோளில் கிடந்த கையை வெட்ட முடியவில்லை. ஆள் இல்லாமல் கை மட்டும் தொங்கினால் அப்பா பார்த்து வருத்தப்படுவாரே என்று அதை மறைக்கத்தான் பூ வைத்திருக்கிறாள். ஒரு தோளில் மட்டும் பூ வைத்தால் அழகாக இல்லை என்று அடுத்த தோளுக்கும் இழுத்துவிட்டாள். அது மாலையாகிவிட்டது.

நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன். போனைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன்.

பெரியத்தான்

கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் அத்தான் என்போம். நான் அவரைப் பெரியத்தான் என்று சொல்லுவேன். பெரியகுளத்துக்காரர்கள் இருவரும். முக்குக்கடையை இந்த ஊரில் டெய்ரி என்பார்கள். அப்படி ஒரு டெய்ரியை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்து, பால் ரொட்டிக்குப் பக்கத்தில் புளியும் வெண்டைக்காயும் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நம்ம ஊர்க் கடையாக மாற்றினார்கள். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற அண்ணன் தம்பி.

ஒரு மாம்பழ சீசன் தொடக்கத்தில் ஊரில் மாமியார் படுத்த படுக்கையானார். பெரியத்தான் கேட்டவுடன் விமானம் ஏறினார். அன்றைக்கு எங்கள் முதல் சரக்கு விமான நிலையத்தில் சோதனையில் நின்றுகொண்டிருந்தது. "இதை எடுத்துப் போட்டுட்டு நாளைக்குக் கிளம்பிடுறேன்ணே" என்றார் என் கணவர். சரக்கு நாளைக்கும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா காத்திருக்கவில்லை.

திரும்பி வந்த பெரியத்தான் மொட்டைத் தலையோடு கடைக்குள் நின்று, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கத்தினார். "பெத்தவளைவிட உனக்கு மாம்பழம் பெருசாப் போச்சுல்ல? நல்லா இருடா. ஆனா ஒண்ணு, உன் சாவுக்குக்கூட நான் வரமாட்டேன்."

அதோடு கடையை விட்டார், பாபடோயிட்டோயை விட்டார். ஊரின் மறுகோடியில் மாசி என்ற இடத்துக்குப் போய்விட்டார். என் கணவர் மன்னிப்புக் கேட்டுப் போனபோது கதவைத் திறக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. யாருடைய தப்பு என்று என்னைக் கேட்டால் இரண்டு பேரையும் நிற்கவைத்து அறைவேன்.

என் ஓரகத்தி, பெரியத்தானின் மனைவி கமலாக்கா மட்டும் வருடா வருடம் வேறு யார் பெயரிலாவது சொல்லி எங்களிடம் ஒரு பெட்டி வாங்கிக்கொள்வார். இந்த வருடப் பெட்டியும் முதல் நாளே மாசிக்குப் போயிருந்தது. மாலையோடு.

வாசல் நிறையச் செருப்பு

ஒரு மணி நேரத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்துப் பகுதியான பிளாட் புஷ்ஷிலிருந்து இரண்டு கார் ஆட்கள். கோயில் பஜனைக்கு வருகிறவர்கள். பக்கத்துத் தெரு மலேசியத் தமிழ் தம்பதி அடுக்கு நிறைய இட்லி கொண்டுவந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாதல்லவா? என் ரசம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு அம்மா முகத்தைச் சுளித்ததை நான் கவனித்தேன்.

"அவர் உயிரோட இருக்காருங்க, ஹாமில்டன் போயிருக்காரு" என்று நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "ஆமாம்மா, ஆமாம்மா" என்று முதுகைத் தடவினார்கள். புவனேஸ் அக்காதான் வாசலில் நின்றுகொண்டு, "ஓம், ஓம், அது பிழையாம். ஆனா ஆள் வந்து சேரும்வரைக்கும் இருப்பம்" என்று எல்லோரையும் உள்ளே அனுப்பினார். வாட்ஸப்பில் மறுப்புச் செய்தி போட்டேன். அதற்குக் கீழே இன்னும் நாலு பேர் கைகூப்பின பொம்மையைப் போட்டார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். படம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனுஷன் கையில் போன் இல்லை, மழை விடவில்லை. அவர் கண் முன்னால் வரும்வரை தெருவில் போன ஒவ்வொரு வேனையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலமில்லாத படத்தைப் போட்டுவிட்டோமே, அது பலித்துவிட்டால்? படித்தவள்தான் நான், ஆனாலும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் வேன் சத்தம் கேட்டது. வேன் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. பிறகு யாரோ ஈரத்தில் தடதடவென்று ஓடிவரும் சத்தம்.

"சாந்தீ! சாந்தீ!"

வாசலில் அவ்வளவு செருப்பையும் வெள்ளைச் சேலைகளையும் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. நான் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லாத மனுஷன், அன்று தெருவுக்கே கேட்கக் கத்தினார்.

உள்ளே நுழைந்தவரைப் பார்த்து இட்லி கொண்டுவந்த அம்மா வீல் என்று அலறினார். அவரைப் பார்த்து இவர் அலறினார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் சட்டையைப் பிடித்தேன். "போனை ஏன்யா வச்சிட்டுப் போனே?" என்று கத்திவிட்டு அழுதேன். அன்றைக்கு நான் அழுதது அப்போதுதான்.

வராத போன்

விஷயம் புரிந்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மதி மூலையில் விசும்பிக்கொண்டிருந்தாள். "என்னடா, இதுக்குப் போய் அழுவுற? எத்தனை பேருக்குத் தன் சாவுக்கு யார் யார் வந்தாங்கன்னு பார்க்கக் கொடுத்து வச்சிருக்கு?" என்று அவள் தலையைக் கோதினார். வந்தவர்களுக்கு மாம்பழம் அறுத்துக் கொடுத்தார். போன் அடிக்க அடிக்க எடுத்தார். "ஆமாங்க, நான்தான் பேசுறேன். மேலேருந்து இல்லீங்க, பாபடோயிட்டோயிலேருந்துதான்."

கூட்டம் கலைந்தது. புவனேஸ் அக்கா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். இவர் சோபாவில் உட்கார்ந்து போனைப் புரட்டிக்கொண்டிருந்தார். யார் யார் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அண்ணன் வீட்டிலேருந்து யாரும் பேசலியா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றேன்.

"ம்" என்றார். போனைக் கவிழ்த்து வைத்தார். "பெட்டி போகலியா அங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. எந்தப் பெட்டி மாசிக்குப் போகிறது என்று தெரிந்து, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார்.

நான் துணி எடுக்கிற சாக்கில் கராஜுக்குப் போய்விட்டேன். அப்போதுதான் என் போன் அடித்தது. திரையில் 'பெரியத்தான்'. எத்தனையோ வருடமாக ஒளிராத பெயர்.

"சாந்தி" என்றார்.

"அத்தான்."

பிறகு, "எப்ப எடுக்குறாங்க?" என்றார்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போன் செய்தால் கேட்கிற கேள்வி அதுதான். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று ரத்த சொந்தம் கேட்காது. எப்ப எடுக்குறாங்க என்றுதான் கேட்கும்.

'ஐயையோ அத்தான், அவர் குத்துக்கல்லாட்டம் உள்ளே உட்கார்ந்திருக்கார்' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கினேன்.

"நீங்க வாங்க அத்தான். கமலாக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். வைத்துவிட்டேன்.

பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. யார் என்ன சொன்னாலும் அதைத் தப்பென்று நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் வைத்த மறுநிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மழையில் மோட்டார்வேயில் வர வேண்டும். ஒரு பொய்ச் சாவுக்கு நிஜமாகவே ஒன்று ஆகிவிட்டால்? கமலாக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. துணியை மடித்ததையே பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

மழையில் வந்த கார்

இருட்டுவதற்குச் சற்று முன்னால் கார் வந்து நின்றது. கமலாக்கா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து பெரியத்தான் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலை முழுக்க நரைத்திருந்தது. கை இடுக்கில் மாம்பழப் பெட்டி.

நான் ஜன்னலிலிருந்து ஓடுவதற்குள் இவர் கதவைத் திறந்துவிட்டார், கையில் தின்றுகொண்டிருந்த மாம்பழத் துண்டோடு.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் மயங்கி விழுவார் என்று நாற்காலியைக்கூட எடுத்து வைத்திருந்தேன். இல்லையென்றால் ஓங்கி ஒரு அறை விடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்து அதிர்ந்து நின்றவள் நான்தான்.

தம்பியைத் தாண்டி உள்ளே வந்தார். பெட்டியை மேசையில் வைத்தார். "மதி எங்க?"

மதி வந்து நின்றாள். கைக்குழந்தையிலிருந்து அவர் தூக்கி வளர்த்த பெண், இப்போது அவர் உயரம் இருந்தாள்.

"இந்தப் பூ எதுக்கு வச்ச?"

"உங்க கை இருந்துச்சு பெரியப்பா. அப்பா ஸேட் ஆவாங்கன்னு..."

அத்தான் லேபிளையே பார்த்தார். சாமந்திக்கு நடுவே விரல் நுனி ஒன்று மறைபடாமல் தெரிந்தது. அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தேய்த்தார்.

"அடுத்த தடவை பூவை எடுத்துடு. கை இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், போன்ல நான் சொல்லியிருக்கணும். நீங்க பயந்து போய்..."

"நீ என்னத்த சொல்றது? பாதி வழியில, டனலுக்குள்ள வரும்போதே தெரிஞ்சுடுச்சு" என்றார். "பெட்டியை மடியில வச்சுக்கிட்டு அதையே பார்த்துட்டு வந்தேன். கீழ வருஷம் போட்டிருக்கு. அது இவன் பொறந்த வருஷமா இருந்தா இன்னிக்கு இவன் சின்னப் பையன், பொண்ணுகூடப் பார்த்திருக்க மாட்டாங்க. அது கடை தொறந்த வருஷம். அது எனக்குத் தெரியாதா?"

கமலாக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "திரும்பிடலாமான்னு கேட்டேன் சாந்தி. வாயே தொறக்கல. நேராப் போன்னு கையைக் காட்டினாரு."

ஆக, நான்தான் ஏமாற்றி வரவழைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷர் பாதி வழியிலேயே எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்.

இவர் இன்னும் கதவருகேதான் நின்றுகொண்டிருந்தார். மாம்பழச் சாறு முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. கையைச் சட்டையில் துடைத்தார்.

"தெரிஞ்சுடுச்சில்ல? அப்புறம் ஏன்ணே வந்த?"

பெரியத்தான் நான் எடுத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஈர வேட்டியைப் பிழிந்து உதறினார். இத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உன் சாவுக்கு வரமாட்டேன்னுதானடா சொன்னேன். நீதான் சாகலியே."